பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்: பிட் ஹோல்டருக்குள் நடப்பது என்ன?

போன மாதம் அலமாரிக்குக் கதவு போட ஒரு தச்சர் வந்திருந்தார். எனக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் நின்று ஸ்குரூ எடுத்துக் கொடுப்பது, தேவையில்லாத கேள்வி கேட்பது என்று அவருடனேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கையில் ஒரே ஒரு கார்ட்லெஸ் மெஷின். முதலில் மெல்லிய டிரில் பிட்டால் ஒரு ஓட்டை. உடனே அந்தப் பிட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார் பிட்டை மாட்டி ஸ்குரூவை முடுக்குவார். மறுபடி டிரில் பிட். மறுபடி ஸ்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு 'கிளிக்', அவ்வளவுதான்.

"எல்லா ஓட்டையையும் மொத்தமாகப் போட்டுவிட்டு அப்புறம் முடுக்கலாமே அண்ணே?" என்றேன். கதவு ஒரு மில்லி நகர்ந்தாலும் மிச்ச ஓட்டையெல்லாம் தப்பிப்போகும் என்றார். ஒன்றைப் போட்டு முடுக்கிக் கதவை நிறுத்திய பிறகுதான் அடுத்தது. "சார், ஸ்குரூ முடுக்குறது என்ன பெரிய வேலை? பிட்டு மாத்துறதுதான் வேலை" என்று சிரித்தார்.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீலுக்கு நான்கு ஸ்குரூ, கதவுக்கு மூன்று கீல், எட்டுக் கதவு: மொத்தம் 96 ஸ்குரூ. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை முனை மாற்ற வேண்டும், ஆக 192 தடவை. பழைய மாதிரி சாவி போட்டுத் திருகும் சக்கில் (மெஷினின் முன்னால் பிட்டைக் கவ்வும் வாய்) ஒரு மாற்றத்துக்கு 20 விநாடி என்று வைத்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அவர் மெஷினில் மாட்டியிருந்த பிட் ஹோல்டரில் இரண்டு விநாடி. ஆறரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழல்.

நமக்கெல்லாம் இந்தச் சங்கதி புதிதும் இல்லை. ஒரு காலத்தில் பல வீடுகளில் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் கண்ணாடி மாதிரி ஒரு பிடி, நாலைந்து கம்பி, கூடவே ஒரு டெஸ்டர். எந்தக் கம்பி வேண்டுமோ அதைப் பிடிக்குள் செருகினால் அந்தத் திருப்புளி தயார். அந்தப் பிடியின் பேரப்பிள்ளைதான் இன்றைய பிட் ஹோல்டர். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. பழசாகிவிட்டால், இறுகிய ஸ்குரூவைத் திருப்பி இழுக்கும்போது கம்பி ஸ்குரூவோடு தங்கிவிடும், பிடி மட்டும் கையோடு வரும். இல்லையென்றால் கம்பி பிடிக்குள் இறுகி, பல்லால் கடித்து இழுத்தாலும் வராது. ஒன்று பிடிக்காது, இல்லை விடாது.

மாற்றி மாற்றி மாட்டும் கருவி எதுவானாலும் தலைவலி இதுதான். வேலை நடக்கும்போது முனை அசையக்கூடாது. வேலை முடிந்ததும் விரல் பட்டால் வந்துவிட வேண்டும். இறுக்கமாகப் பிடிப்பது எதுவும் சுலபத்தில் விடாது, சுலபத்தில் விடுவது எதுவும் இறுக்கமாகப் பிடிக்காது. இந்த முடிச்சை அவிழ்த்த விதத்தில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது.

என்னிடம் வெளிச்சட்டை (விரலால் இழுத்துவிடும் மேல்குழல்) தேய்ந்துபோன பழைய ஹோல்டர் ஒன்று இருந்தது. அதைப் பிரித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். முன்பக்கம் ஒரு சின்ன வளையக் கிளிப். அதைக் கூர்மையான ஊசியால் நெம்பி எடுத்ததும் ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங், அப்புறம் வெளிச்சட்டை உருவிக்கொண்டு வந்தது. கூடவே கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட அளவில் ஒரு எஃகுக் குண்டு துள்ளிக் குதித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. அதைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. ஆனால் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது.

ஹோல்டரின் நடுவில் அறுகோணக் குழி. பிட்டின் அடித்தண்டும் அறுகோணம்தான். எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே கால் இன்ச், அதாவது 6.35 மில்லிமீட்டர். மெஷின் சுற்றும்போது குழியின் ஆறு பக்கங்களும் தண்டின் ஆறு பட்டைகளை நெட்டித் தள்ளுகின்றன. முறுக்கும் விசை முழுவதும் அந்த வழியாகவே போகிறது. குண்டுக்கு அதில் பங்கே இல்லை. குண்டின் வேலை வேறு: பிட் முன்பக்கமாக உருவி வெளியே வராமல் தடுப்பது. அறுகோணத் தண்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். குழியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் குண்டு பாதி எட்டிப் பார்த்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சட்டையின் உட்புறம் ஒரு படி இருக்கிறது. ஸ்பிரிங் தள்ளியிருக்கும் நிலையில் அந்தப் படி குண்டின் முதுகில் உட்கார்ந்து, அதை வெளியே நகர விடாது. சட்டையை விரலால் இழுத்தால் படி விலகும், குண்டுக்குப் பின்னால் இடம் கிடைக்கும், பிட்டை இழுத்ததும் குண்டு ஒதுங்கிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பிரிங் பிட்டைப் பிடிக்கவே இல்லை. அது சட்டையை மட்டும்தான் இடத்தில் நிறுத்துகிறது. பிட்டைத் தடுப்பது எஃகுக் குண்டு, குண்டைத் தடுப்பது எஃகுப் படி. அதனால் ஸ்பிரிங் மிக மெல்லியதாக இருந்தாலும் போதும், சுண்டுவிரல் பலத்தில் விலகிவிடும். ஆனால் பிட்டை எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. வாசல் தாழ்ப்பாள் மாதிரிதான். ஆள் தள்ளினால் திறக்காது, குழந்தை விரலால் நகர்த்தினால் திறந்துவிடும். தள்ளுகிற திசை வேறு, நகர்த்துகிற திசை வேறு.

ஆக, சுற்றுவதைத் தாங்குவது ஒரு வேலை, விழாமல் பிடிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்ததும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கைக்கருவிகளின் கதையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு துறையும் இந்த ஒரே விடைக்குத் தனித்தனியாக, நிறையத் தடுமாறி வந்து சேர்ந்திருப்பது தெரிகிறது.

மின்சாரம் வருவதற்கு முன் மரத்தில் ஓட்டை போட வளைந்த கைப்பிடி கொண்ட 'பிரேஸ்' இருந்தது. ஒரு கையால் தலையை அழுத்திக்கொண்டு மறு கையால் கிரேங்க் மாதிரி சுற்றுவார்கள். ஐரோப்பாவின் பழைய மரப் பிரேஸ்களில் ஒவ்வொரு பிட்டும் ஒரு மரக்கட்டையில் நிரந்தரமாக அடிக்கப்பட்டிருக்கும். பிட் மாற்ற வேண்டுமென்றால் அந்தக் கட்டையோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பிரேஸுக்குச் செதுக்கிய கட்டை இன்னொரு பிரேஸில் சரியாக உட்காராது. 1864-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த வில்லியம் பார்பர் இரண்டு தாடை வைத்த சக் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளி உறையைத் திருகினால் உள்ளே தாடைகள் நெருங்கி, அடிப்பகுதி சதுரமாக உள்ள எந்தப் பிட்டையும் கவ்வும். இங்கேயும் சதுரப் பட்டைகள்தான் முறுக்கைத் தாங்கின. பிட் எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வி அன்றோடு போயிற்று.

அப்புறம் மெஷின்கள் வந்தன, வழுவழுப்பான உருண்டைத் தண்டு கொண்ட டிரில் பிட்கள் வந்தன. உருண்டைக்குப் பட்டை ஏது? கவ்விப் பிடித்தால்தான் உண்டு. பழைய சக்குகளை ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது கை முட்டி அடிபடுவது சகஜம். அப்படி அடிபட்ட ஒருவர்தான் ஆர்தர் இர்விங் ஜேக்கப்ஸ். 1902-ல் அவர் காப்புரிமை வாங்கிய மூன்று தாடைச் சக்கும், அதன் பல்லில் பல்லை வைத்துத் திருகும் சாவியும்தான் இன்றும் நம் ஊர் டிரில் மெஷின்களில் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. கனடாவின் பி. எல். ராபர்ட்சன் கதையும் இதே ரகம். திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்த பிறகுதான் அவர் சதுரக் குழி ஸ்குரூவைக் கொண்டுவந்தார் என்பார்கள். கைக்கருவி வரலாற்றில் பாதியை அடிபட்ட விரல்கள் எழுதியிருக்கின்றன போல.

ஜேக்கப்ஸ் சக் அருமையான சாமான், குறையே சொல்ல முடியாது. எந்தத் தடிமன் பிட்டையும் மைய அச்சு பிசகாமல் பிடிக்கும். ஆனால் அதில் ஒரே தாடைகள்தான் இரண்டு வேலையையும் செய்கின்றன. சுற்றுவதையும் அவைதான் தாங்க வேண்டும், விழாமலும் அவைதான் பிடிக்க வேண்டும், அதுவும் வெறும் உராய்வை நம்பி. எஃகின் மேல் எஃகு வழுக்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் மிகப் பலமாக நெருக்க வேண்டியிருக்கிறது. பலமாக நெருக்கியதை அவிழ்க்கவும் அதே அளவு மெனக்கெட வேண்டும். வேகம் அங்கேதான் போகிறது. சாவி இல்லாமல் கையால் திருகும் சக் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் அடிப்படை மாறவில்லை. டிரில் பிட் தண்டில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்திருந்தால், உள்ளே அது வழுக்கிச் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். சாவி போடும் சக்கில் மூன்று ஓட்டையிலும் சாவி போட்டு இறுக்கச் சொல்வது சும்மா இல்லை.

ஐந்தும் பத்தும் ஐம்பது

மெக்கானிக் பக்கம் போனால் கதை இன்னும் ருசியாக இருக்கிறது. கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் பாக்ஸ் ஸ்பேனர் என்பது பிடியும் வாயும் ஒட்டியே பிறந்த ஒற்றைக் கருவி. பத்து அளவு நட்டு, ஐந்து வித இடுக்கு என்றால் ஐம்பது ஸ்பேனர் வாங்கியாக வேண்டும். 1920-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜோசப் ஜான்சன் என்பவர், தான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு யோசனை சொன்னார். பிடியைத் தனியாகவும் வாயைத் தனியாகவும் செய்தால் என்ன? ஐந்து பிடி, பத்து சாக்கெட், நடுவில் சதுர இணைப்பு. முதலாளிகள் வேண்டாம் என்றார்கள். அவரே நண்பரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய கம்பெனிதான் ஸ்னாப்-ஆன். 'ஐந்து இருந்தால் ஐம்பதின் வேலை நடக்கும்' என்பது அவர்களுடைய விளம்பர வரி.

அந்த வரி வெறும் விளம்பரம் இல்லை, சுத்தமான கணக்கு. ஒட்டிப் பிறந்த கருவிகளில் ஐந்தையும் பத்தையும் பெருக்க வேண்டும்: ஐம்பது. பிரித்துவிட்டால் கூட்டினால் போதும்: பதினைந்து. இன்னொரு புது அளவு நட்டு வந்தால் பழைய முறையில் ஐந்து ஸ்பேனர் கூடுதலாக வாங்க வேண்டும், புது முறையில் ஒரே ஒரு சாக்கெட். ஹோல்டர் என்ற எண்ணத்துக்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரம் இவ்வளவுதான். பிட் செட் விற்பவர் '32 பீஸ்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டுக்கொள்ள முடிவதும் இதனால்தான். அதில் ஒன்றுதான் பிடி.

சாக்கெட் இணைப்பிலும் அதே பிரிவினைதான். சதுரம் சுற்றுவதைத் தாங்கும், ஸ்பிரிங் வைத்த சின்னக் குண்டு சாக்கெட் விழாமல் பிடிக்கும். ஆனால் இங்கே குண்டுக்குப் பின்னால் படி கிடையாது, ஸ்பிரிங் மட்டுமே. ஆகவே பலமாகப் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங்கைப் பலமாக்க வேண்டும், அப்படிச் செய்தால் கிரீஸ் கையோடு சாக்கெட்டைப் பிடுங்குவது பெரும்பாடு. இதைத் தீர்த்தவர் பீட்டர் ராபர்ட்ஸ். மாசசூசெட்ஸின் கார்ட்னர் ஊரில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த 18 வயதுப் பையன். 1963-ல் சாக்கெட்டை மாட்டித் திருப்பும் பிடியான ரேட்செட்டின் முதுகில் ஒரு பொத்தான் வைத்தார். அழுத்தினால் உள்ளே ஒரு தண்டு இறங்கும், அதிலுள்ள பள்ளம் குண்டுக்கு நேராக வரும், குண்டு அதற்குள் ஒதுங்கும், சாக்கெட் தானாகக் கீழே விழும். ஒரு கை போதும்.

காப்புரிமை 1965-ல் கிடைத்தது. அதற்குள் கம்பெனி அதை 10,000 டாலருக்குப் பேசி முடித்துவிட்டது. பின்னால் அந்த ரேட்செட் லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. தன்னிடம் உண்மையை மறைத்துக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள் என்று ராபர்ட்ஸ் வழக்குப் போட்டார். 1970-களின் பிற்பகுதியில் அவருக்கு 10 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பானது. காப்புரிமையையே திருப்பிக் கேட்டு நடந்த வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தடித்து, 1989-ல்தான் சமரசத்தில் முடிந்தது. ஒரு பொத்தான், ஒரு குண்டு, கால் நூற்றாண்டு. அவ்வளவு சின்னச் சாமானுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்பவர்கள், கிரீஸ் கையோடு என்ஜினுக்கு அடியில் படுத்து சாக்கெட் பிடுங்கிப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

கான்கிரீட்டில் ஓட்டை போடும்போது மூன்றாவதாக ஒரு விசை சேர்கிறது. அங்கே சுற்றினால் மட்டும் போதாது, அடிக்கவும் வேண்டும். ஜேக்கப்ஸ் சக்கில் பிட் இறுக்கமாகக் கவ்வப்பட்டிருப்பதால், அடிக்க வேண்டுமென்றால் சக்கையும் சேர்த்து அசைக்க வேண்டும். அடியில் பாதி வீண், தாடைகளும் தளரும். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1975-ல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். முறை இதைத் தலைகீழாகப் போட்டது. பிட்டைப் பிடிக்கவே வேண்டாம், ஆட விடு!

அந்தப் பிட்டின் அடித்தண்டைப் பார்த்தால் தெரியும். எஸ்.டி.எஸ். பிளஸ் தண்டு 10 மில்லி தடிமன். அதில் முனைவரை திறந்த இரண்டு பள்ளங்கள் இருக்கும், அவைதான் சுற்றுவதற்கு. இன்னும் இரண்டு பள்ளங்கள் இரு பக்கமும் மூடியிருக்கும், அவற்றில் குண்டு உட்காரும். மூடிய பள்ளம் குண்டைவிட நீளம் என்பதால் பிட் முன்னும் பின்னும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தாராளமாக நகரும். உள்ளே இருக்கும் சுத்தியல் பிட்டின் பின்தலையில் மட்டும் அடிக்கிறது. ஹோல்டர் அசைவதில்லை. புதிதாக வாங்கியவர்கள் "பிட் லூசா ஆடுதே" என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போவது உண்டு. அது ஆடத்தான் வேண்டும். தண்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டால் போதும். எஸ்.டி.எஸ். என்ற எழுத்துகள் முதலில் ஜெர்மன் மொழியில் 'செருகு, திருப்பு, உட்கார்ந்துவிடும்' என்ற மூன்று சொற்களின் சுருக்கமாக இருந்தன. பின்னால் ஏற்றுமதிக்கு வசதியாக 'ஸ்பெஷல் டைரக்ட் சிஸ்டம்' என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கென்னவோ முதல் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது.

சீக்கிரம் மாற்றக்கூடாத இடமும் உண்டு

ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் கத்தியும் ஒரு ஹோல்டர்தான். ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் ஒற்றைத் துண்டுக் கத்தியைத் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தினார்கள். 1915-ல் அமெரிக்காவில் மார்கன் பார்க்கர் பிடி வேறு, பிளேடு வேறு என்று பிரித்த கத்திக்குக் காப்புரிமை வாங்கினார். பார்டு-பார்க்கர் என்ற பெயரில் அது உலகமெல்லாம் போயிற்று. இன்றும் 3-ஆம் எண் பிடியில் 10, 11, 12, 15 எண் பிளேடுகளும், 4-ஆம் எண் பிடியில் 20 முதல் 24 வரையான பெரிய பிளேடுகளும் மாட்டப்படுகின்றன. பிளேடின் நடுவில் சாவித்துவாரம் போல ஒரு நீள ஓட்டை. பிடியின் நுனியில் பள்ளம் வெட்டிய நாக்கு. வழுக்கித் தள்ளினால் பிளேடின் வால் 'டக்' என்று விழுந்து பூட்டிக்கொள்ளும்.

கத்தி சுற்றுவதில்லை, ஆகவே முறுக்குப் பிரச்சினை இல்லை. வெட்டும்போது வரும் அழுத்தத்தை நாக்கின் ஓரங்கள் தாங்குகின்றன, பிளேடின் சொந்த வளைவுத்தன்மையே தாழ்ப்பாள் ஆகிறது. குண்டுமில்லை, ஸ்பிரிங்குமில்லை. ஆனால் கழற்றும்போது பிளேடின் வாலைச் சற்றே தூக்கி முன்னால் தள்ள வேண்டும், விரல் நழுவினால் அவ்வளவுதான். அதனால்தான் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்துக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு விரலில் பிளேடு தெறித்து விழும் 'குவிக் ரிலீஸ்' இங்கே வந்தால் அது வசதி இல்லை, விபத்து.

இன்னொரு கோடி, விண்வெளி. கீழே விழும் பயம் இல்லையே, குண்டும் பள்ளமும் எதற்கு என்று தோன்றலாம். விழாது, சரி. ஆனால் மிதந்து போய்விடும், அது இன்னும் மோசம். ஹப்பிள் தொலைநோக்கியை விண்வெளியிலேயே பழுது பார்ப்பது என்று ஆரம்பத்திலேயே திட்டமிட்டிருந்தார்கள். ஆகவே கழற்றி மாட்ட வேண்டிய பாகங்களில் பெரும்பாலும் 7/16 இன்ச் அறுகோணத் தலை போல்ட். ஒரே சாக்கெட்டில் வேலை நடக்கும். பருமனான கையுறைக்குள் விரல்கள் மரக்கட்டையாக இருக்கும்போது, சீக்கிரம் மாற்றுவதைவிட மாற்றாமலே இருப்பது நல்லது என்ற முடிவு அது.

சிக்கல் வந்தது 2009 மே மாதம். 2004-ல் பழுதாகி நின்ற ஒரு நிறமாலைக் கருவியைத் திறக்க வேண்டியிருந்தது. அதை விண்வெளியில் திறப்பார்கள் என்று யாரும் நினைத்ததில்லை. மூடியில் மொத்தம் 111 பொடி ஸ்குரூக்கள். அதற்கென்றே சின்ன மின்திருப்புளி ஒன்றையும், கழன்ற ஸ்குரூக்கள் மிதந்து ஓடாமல் உள்ளேயே தங்க ஒரு கண்ணாடி மாதிரித் தகட்டையும் செய்து எடுத்துப்போனார்கள். அந்த 111-ம் ஒழுங்காக வந்தன. அதற்கு முன்னால் கழற்ற வேண்டிய ஒரு சாதாரணக் கைப்பிடியின் நான்கு ஸ்குரூக்களில் ஒன்றுதான் தலை மழுங்கி மொழுமொழு என்று ஆகிவிட்டது. கடைசியில் விண்வெளி வீரர் மைக் மாசிமினோ அந்தக் கைப்பிடியைக் கையாலேயே பிடித்துப் பிய்த்தெடுத்தார். பூமியிலிருந்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்திலும் நம் ஊர் பட்டறை வைத்தியம்தான்.

ஸ்குரூத் தலை மழுங்குவதற்குப் பழி பெரும்பாலும் ஹோல்டர் மேல் விழுகிறது, "பிட்டு ஆடுது சார்" என்று. ஆட்டம் இருக்கத்தான் செய்யும். 6.35 மில்லித் தண்டு கையால் உள்ளே நுழைய வேண்டுமென்றால் குழி ஒரு இழை பெரிதாக இருந்தே ஆக வேண்டும். நுழைவதற்கு வேண்டிய அந்த இடைவெளிதான் நுனியில் ஆட்டமாகத் தெரிகிறது. ஸ்குரூ முடுக்க அது ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய டிரில் பிட்டுக்குத்தான் தொந்தரவு, ஓட்டை அரை மில்லி தள்ளி விழும். துல்லியமான ஓட்டை வேண்டுமென்றால் அப்போது மட்டும் ஜேக்கப்ஸ் சக்கிற்குப் போய்விடுவது உத்தமம்.

தலை மழுங்குவதற்குப் பெரும்பாலும் உண்மையான காரணம் தப்பான முனை. நாம் 'ஸ்டார்' என்று ஒரே பெயரில் அழைப்பதில் குறைந்தது மூன்று சாதி உண்டு. ஒன்று, 1936-ல் காடிலாக் கார் தொழிற்சாலைக்குள் நுழைந்து உலகைப் பிடித்த பிலிப்ஸ். இன்னொன்று போஸிடிரைவ். இதன் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாக இருக்கும். ஐரோப்பிய வகைக் கப்போர்டு கீல்களோடு வரும் ஸ்குரூக்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மூன்றாவது ஜப்பானிய வகை. பழைய ஜப்பானிய பைக்குகளின் என்ஜின் மூடியில் இருக்கும் ஸ்குரூவில் பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் தலை சுரண்டிப்போகும். பிறகு சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைத் தேட வேண்டியதுதான். அதுவும் முனை மாற்றிக்கொள்ளும் கருவிதான், அடிக்கிற ஒவ்வொரு அடியும் கொஞ்சம் திருப்பமாக மாறும். எங்கள் தச்சர் பையில் போஸிடிரைவ் முனை தனியாக ஒரு தீப்பெட்டியில் இருந்தது. கேட்டதற்கு, "கோடு போட்ட ஸ்டார்" என்றார். அதைவிடத் தெளிவான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

கடையில் ஹோல்டர் வாங்கும்போது குழப்புவது பிட்டின் அடிதான். 25 மில்லி குட்டைப் பிட்டில் சுற்றுப் பள்ளம் கிடையாது, அறுகோணத்தின் மூலைகளில் மட்டும் சின்ன வெட்டு இருக்கும். அதை ஹோல்டருக்குள் இருக்கும் காந்தமோ, ஒரு கம்பி வளையமோதான் பிடிக்கிறது. 50 மில்லியும் அதற்கு மேலும் உள்ள நீளப் பிட்டுகளில் முழுச் சுற்றுப் பள்ளம் இருக்கும், குண்டு பூட்டுவது அதில்தான். குட்டைப் பிட்டைக் குண்டு வைத்த ஹோல்டரில் போட்டுவிட்டு "பூட்ட மாட்டேங்குது" என்று திட்டுவதில் பயனில்லை. இரண்டையும் பிடிக்கிற மாதிரியும் சில வருகின்றன, விலை கூடும்.

காந்தத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அது பிட்டைப் பிடிப்பதோடு நிற்காமல் பிட்டின் வழியாகவே பாய்ந்து ஸ்குரூவையும் தொங்கவிட்டுக்கொள்ளும். ஏணி மேல் நின்று ஒரு கையால் வேலை செய்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் சமையலறையில் போடும் எஸ்.எஸ். ஸ்குரூ பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. இரும்புத் துகள் மட்டும் ஆசை ஆசையாக வந்து குழிக்குள் ஒட்டி, பிட்டை நேராக உட்காரவிடாமல் செய்யும். நான் ஒரு தடவை மலிவாக வாங்கிய செட்டில் இரண்டாவது நாளே பிட்டோடு சேர்ந்து காந்தமும் கழன்று வந்தது. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து சட்டை இழுத்துப் பூட்டும் வகையைத்தான் வாங்குகிறேன். காந்தமும் சேர்ந்து இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இம்பாக்ட் வகை கார்ட்லெஸ் மெஷினில் இந்தப் பூட்டு மெஷினுக்குள்ளேயே வந்துவிட்டது, தனி ஹோல்டர் வேண்டாம். அங்கே வேறு ஒரு விஷயம் பார்க்க வேண்டும். அந்த மெஷின் சுற்றுவதோடு, சுற்றும் திசையிலேயே டகடகவென்று அடிக்கவும் செய்யும். சாதாரணப் பிட் அதில் பட்டென்று முறிந்துவிடும். அதற்கென்று வரும் பிட்டுகளின் இடுப்பு ஒல்லியாக இருக்கும். ஒல்லியாக இருந்தால் பலவீனம் என்று தோன்றும், ஆனால் அடி விழும்போது அந்த இடுப்பு இம்மி அளவு முறுக்கிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. நுனி பிழைத்துக்கொள்ளும்.

நான்காம் நாள் மாலை கடைசிக் கதவும் நின்றது. தச்சர் பையை மூடும்போது பிட்டுகளை எண்ணி வைத்தார். ஒரே அளவு ஸ்டார் பிட் பத்து இருந்தது, மற்றதெல்லாம் ஒவ்வொன்று. ஏன் இது மட்டும் பத்து என்றேன். நுனி மழுங்கியதைத் தனியாகப் பொறுக்கிக் குப்பையில் போட்டபடி, "இது கரைஞ்சா பத்து ரூபா சார், ஸ்குரூ தலை போனா அரை நாள் கூலி" என்றார். அப்புறம் பைக்குள் கையை விட்டு ஹோல்டரைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பையை வண்டியில் வைப்பார், அதை மட்டும் கூடவே எடுத்துப்போவாராம். ஏழு வருடமாக அதே ஹோல்டர்தான்.